மூடு, திற, வெயில்

நவம்பர் 4, திங்கள்

காலையில் வண்டி கிளம்பவில்லை. பிறகு கிளம்பியது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

முன்கண்ணாடி முழுக்க உறைபனி. சுரண்டினேன். அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, வலது கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்து, பெல்ட்டை மாட்டினேன். நியாயமாக அது என் இருக்கை. கல்யாணமான புதிதிலிருந்து ஓட்டுவது அவள், பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நான். அவள் மாட்டு டாக்டர். எந்தப் பண்ணையில் எந்தப் பசு ஈன முடியாமல் தவித்தாலும் விடிவதற்குள் போயாக வேண்டும். அதனால் கிழவனைக் குளிரில் எழுப்பும் வித்தை அவளுக்கு அத்துப்படி. கிழவன் என்பது இந்த வண்டி. அவள் வைத்த பெயர். நான் பத்திரிகை நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். லைசென்ஸ் இருக்கிறது, காலாவதியாகாமல் புதுப்பித்தும் இருக்கிறேன். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

செப்டம்பரில் அவள் மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கால் திரும்பிவிட்டது. வலது கை பாதி திரும்பியிருக்கிறது. பேச்சு மட்டும் ஒற்றைச் சொல், அதற்கு முன்னும் பின்னும் நீளமான மௌனம். வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், மேட்டுச் சாலையைத் தாண்டி அடுத்த ஊரில் பேச்சுப் பயிற்சி. அந்த நேரத்துக்கு அங்கே போக எங்களுக்குக் கிழவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சோக் குமிழைப் பாதி இழுத்தேன். கார்புரேட்டர் வண்டிக்குக் குளிரில் காற்று குறைவாகவும் பெட்ரோல் தூக்கலாகவும் வேண்டும், அதற்குத்தான் சோக். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவு. சாவியைத் திருப்பினேன். இருமியது.

"மூடு," என்றாள்.

குமிழை உள்ளே தள்ளி மூடினேன். இருமல்கூட இல்லை.

"மூடு! மூடு!" இடது கையால் டாஷ்போர்டைத் தட்டுகிறாள். மூடித்தானே இருக்கு? இன்னும் என்னத்தை மூடுவது? பொறுமை போய், அவள் சொன்னதற்கு நேர்மாறாகக் குமிழை முழுசாக வெளியே இழுத்தேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

கடைவீதியைத் தாண்டும்போது இன்ஜின் முக்கி முக்கி ஓடியது, பின்னால் கறுப்புப் புகை. "திற," என்றாள். இந்தத் தடவை யோசித்தேன். திறப்பதற்குப் பதிலாகக் குமிழை உள்ளே தள்ளினேன். பஞ்சு மாதிரி ஓடியது.

பேச்சு டீச்சரிடம் சொன்னேன். "அவளுக்கு வார்த்தை தலைகீழா வருதுங்க. மூடுன்னா திற, திறன்னா மூடு."

"சிலருக்கு அப்படி வரும் சார். எதிர்ச்சொல் ரெண்டும் மூளைல பக்கத்துப் பக்கத்து வீடு. கதவை மாத்தித் தட்டிடுவாங்க. வீட்லயும் அப்படி வருதான்னு கவனிச்சுச் சொல்லுங்க."

கவனிப்பதுதானே என் தொழில்.


நவம்பர் 5

சூப் ஊற்றினேன். "போதும்," என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள்.

சரியாகத்தான் இருக்கிறது.


நவம்பர் 7, வியாழன்

வித்தை பலித்தது. "மூடு" என்றாள், வெளியே இழுத்தேன், கிளம்பியது. "திற" என்றாள், உள்ளே தள்ளினேன், சீரானது. ஒருமுறை நடந்தால் தற்செயல், இரண்டுமுறை நடந்தால் செய்தி என்று எங்கள் ஆசிரியர் சொல்வார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா வேணாம்னு சொன்னா வேணும்னு அர்த்தமாப்பா? அது உங்க கல்யாணத்துலேர்ந்தே அப்படித்தானே?"

சிரித்துவிட்டு, அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவள் ஊரில் ஒரு பயிற்சி இல்லம் இருக்கிறதாம். தங்கியிருந்து தினமும் பயிற்சி. வசந்தம் வரைக்கும் அம்மாவை அங்கே விடலாம், நான் அவள் வீட்டில் இருக்கலாம். "குளிர்ல அந்தக் கிழவனை நம்பி மேட்டுல ஏறி இறங்கிட்டு... எங்கயாச்சும் நின்னுட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதை என்னவென்று மாற்றிப் படிப்பது? அதற்கு எதிர்ச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

"டிசம்பர் வரைக்கும் பார்ப்போம்," என்றேன் மகளிடம். "ஒழுங்கா கூட்டிட்டுப் போறேன்."


நவம்பர் 13

மெக்கானிக் வந்து போனார். பேட்டரி முனைகளில் பூத்திருந்ததைச் சுரண்டினார். குளிருக்கேற்ற இளகின ஆயில் மாற்றினார். ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் கூலன்ட் ஊற்றினார்.

"பேட்டரிய ராத்திரி கழட்டி உள்ள வெச்சுக்குங்க சார். அதுக்கும் நம்மள மாதிரிதான், குளிருன்னா எந்திரிக்காது. ஆக்ஸிலரேட்டரச் சும்மா மிதிக்காதீங்க. ஒரு மிதி, விட்டுடுங்க. போட்டு மிதிமிதின்னு மிதிச்சா பெட்ரோல் ஊத்திக்கிட்டு மூழ்கிடும்."

"கார்புரேட்டரும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"அய்யோ, மேல இருக்கற எதையும் நான் தொடமாட்டேன். அங்கெல்லாம் டாக்டரம்மா கை மட்டும்தான். ஒருதடவ தொட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். என்ன டாக்டரம்மா, ஞாபகம் இருக்கா?"

அவள் சிரித்தாள். "போடா," என்றாள்.

மெக்கானிக் பூரித்துப் போய்விட்டார். "பாத்தீங்களா சார், எனக்கு ஒண்ணு கெடச்சுது!"

அதற்கு எதிர்ச்சொல் "வாடா" என்று நான் சொல்ல, அவள் சிரிப்பு நின்றது.


நவம்பர் 14, வியாழன்

கடுங்குளிர். பேட்டரி எங்கள் சமையலறை மூலையில் படுத்துத் தூங்கி எழுந்தது. கிழவன் மறுபேச்சில்லாமல் போனான், வந்தான். டீச்சரின் அறையில் அவள் படம் பார்த்து "மாடு", "கயிறு", "வாளி" சொன்னாள். "வாளி" சொல்லும்போது கையில் தூக்குவது மாதிரி தோளை இறக்கினாள்.


நவம்பர் 18, திங்கள்

வழியில் நின்றுவிட்டது.

குளிர் அவ்வளவு இல்லை. ஆனால் மூடுபனி, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மேட்டுச் சாலையில் பாதி ஏறியபோது மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்தது, குலுங்கியது, நின்றது. ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

அவள் முன்னால் கைகாட்டி, "வெயில்," என்றாள்.

"இல்லம்மா. குளிர்."

"வெயில்."

"ஆமா, குளிருதுதான்." என் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்து இறங்கப் பார்த்தாள். விடவில்லை. இந்த ஈரத்தில் இறங்கினால் என்ன ஆவது?

சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. பாதி வகுப்பு போயிற்று.


நவம்பர் 21, வியாழன்

மறுபடியும் மூடுபனி. மறுபடியும் அதே மேடு. நின்றது. "வெயில்," என்றாள், ஒரே ஒரு தடவை. நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உருப்படியாக எதையும் யோசிக்க முடியாமல் காத்திருந்தேன். கிளம்பியது.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் நேரே ஓட்டிப் போனேன். அவரிடம் சமர்த்தாக ஓடியது. "பல் டாக்டர் வீட்டு வாசல்ல வலி போயிடற மாதிரி சார்," என்றார்.


நவம்பர் 25, திங்கள்

காய்ந்த குளிர். வண்டி நிற்கவில்லை. பயிற்சியில் அவள் அரை மனதாக இருந்தாள்.

மதியம் சமையலறையில் இருவரும் இருந்தோம். ஜன்னல் ஒருக்களித்துத் திறந்திருந்தது. "மூடு," என்றாள். நான் போய் அகலமாகத் திறந்தேன். காற்று மேசைத் துணியைத் தூக்கி அடித்தது. அவள் எழுந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், இடது கையால் ஜன்னலை இழுத்து மூடினாள். அப்படியே எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ரொம்ப நேரம்.

ஏன் மூடினாள்? செய்கையும் தலைகீழாகிவிட்டதா? இதை டீச்சரிடம் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது.


நவம்பர் 27

இன்று ஒரு சொல்லும் இல்லை.


நவம்பர் 28, வியாழன்

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க ஓரளவு வருது சார். வீட்ல குறையுதுன்னு சொல்றீங்க. வழக்கமா வேற மாதிரி இருக்கும். வீட்லதான் முதல்ல வரும்."

"நான் எல்லாம் கவனிச்சுத்தான் பாத்துக்கறேன்."

"தெரியும். ஆனா பேசினா ஏதாவது நடக்கணும் இல்லையா? தண்ணின்னு சொன்னா தண்ணி வரணும். அப்பதான் அடுத்த தடவை சொல்லத் தோணும். அவங்க சொல்றது எதுவும் நடக்காம போகுதோன்னு ஒரு சந்தேகம்."

நடக்காமல் எங்கே போகிறது? அவள் வாயைத் திறந்தால் நான் எழுந்து ஓடுகிறேன்.

திரும்பும்போது மேட்டில் நின்றது. மூடுபனி. அவள் வெயில் என்றுகூடச் சொல்லவில்லை. கைப்பிடியைத் தொடவும் இல்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பேருந்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒரு அம்மாள் மாதிரி.

மகளிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? "அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றேன்பா. ஏழாம் தேதி. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் ஒரு பை எடுத்து வெச்சுக்குங்க."

சரி என்றேன். சாவி இப்போது ஆணியிலேயே தொங்குகிறது. அவள் எடுக்கவில்லை.


டிசம்பர் 3, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் முதுகுப் பிடிப்பில் படுத்திருக்கிறார். "வர முடியல சார். நீங்களே ஒண்ணு பண்ணுங்க. பானட்டத் தூக்கினா மேல ஏர் ஃபில்டர், வாணலி மூடி மாதிரி வட்டமா இருக்கும். கிளிப்ப நெம்பிக் கழட்டுங்க. உள்ள கார்புரேட்டர் வாய் தெரியும், அதுல ஒரு தகடு. உள்ளேர்ந்து யாராச்சும் சோக்க இழுக்கணும். இழுத்தா தகடு முழுசா மூடுதா பாருங்க. பாதிலயே நின்னா அதான் கோளாறு."

"இழுத்தா திறக்கணுமா?"

"இழுத்தா மூடணும் சார். காத்த அடைக்கத்தானே சோக்கு?"

வாயில் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மண்டைக்குள் இன்னும் போகவில்லை.

வாசலில் மங்கலாக வெயில் அடித்தது. அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை. ஸ்டீயரிங்மேல் கையை வைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். நான் பானட்டைத் தூக்கினேன். மூடியின் விளிம்பில் ஏதோ முத்திரை, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. அதைத் துடைக்காமலே கிளிப்புகளை நெம்பி, மூடியை எடுத்து ஓரமாக வைத்தேன். உள்ளே கறுத்த வாய், அதன் நடுவில் நிமிர்ந்து நிற்கும் காசு அகலத் தகடு.

பானட் மறைவிலிருந்து, "இழும்மா," என்று குரல் கொடுத்தேன்.

"மூடு," என்றாள் உள்ளேயிருந்து. குமிழ் வெளியே வருகிற சத்தம் கேட்டது. என் கண்ணெதிரே தகடு படுத்து, வாயை அடைத்து மூடியது.

இன்னும் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தேன்.

பிறகு, "திற," என்றேன். நான்தான் சொன்னேன். குமிழ் உள்ளே போனது, தகடு நிமிர்ந்தது, வாய் திறந்தது.

"மூடு," என்றேன். மூடியது. "திற." திறந்தது. "மூடு," என்றாள் அவள். மூடியது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதானது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

குமிழை வெளியே இழுத்தால் கதவு மூடுகிறது. நான் குமிழைப் பார்த்தேன். அவள் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற தகட்டைப் பார்த்தாள், முப்பது குளிர்காலமாக. வார்த்தை தலைகீழாக வரவே இல்லை. தலைகீழாக இருந்தது கேட்டவன்.

சூப். ஜன்னல். "போதும்" என்றால் போதும். "மூடு" என்றால் மூடு. ஒரு மாசமா அவ சொன்ன ஒவ்வொண்ணுக்கும் எதிரா பண்ணியிருக்கேன், பொறுப்பா, கவனமா, ஓடி ஓடி. அப்புறம் ஏன் பேசலேன்னு டீச்சர்கிட்ட போய் நின்னேன்.

கதவைத் திறந்து அவள் பக்கம் குனிந்தேன். "நீ சரியாத்தான் சொன்னே," என்றேன்.

அவள் மேலே பார்த்து, "வெயில்," என்றாள்.

ஆமாம், நிஜமாகவே கொஞ்சம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமாம்மா, வெயில்," என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூடியை முன்பு இருந்தபடியே திரும்ப வைத்துக் கிளிப்புகளை மாட்டினேன்.


டிசம்பர் 4

திருத்தம்: நவம்பர் 4 முதல் இந்தக் குறிப்புகளில் வெளியான "வார்த்தை தலைகீழாக வருகிறது" என்ற செய்தி தவறு. ஒரே ஒரு குமிழை வைத்து, சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எழுதப்பட்டது. வருந்துகிறேன்.

மேலே உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். செய்தி வாசிக்கும் குரலில். "போடா," என்றாள்.

வாழ்நாளில் என்னை அவள் அப்படிச் சொன்னதில்லை. மெக்கானிக்குக்கு நான் சளைத்தவனில்லை.

சூப் "போதும்" என்றாள். கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினேன். அவள் அந்தக் கரண்டியையும் என்னையும் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது?


டிசம்பர் 5, வியாழன்

காய்ந்த குளிர், வண்டி நிற்கவில்லை. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. "இனிமே அவங்க சொல்றது புரியலைன்னா, நீங்களா மாத்திப் புரிஞ்சுக்காதீங்க. எதுன்னு கேளுங்க. எங்கன்னு கேளுங்க. காட்டுவாங்க."

அதுகூடத் தெரியாமலா எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்தேன்?


டிசம்பர் 7, சனி

மகள் வந்துவிட்டாள். பெரிய பெட்டி, காலிப் பெட்டி. அம்மாவின் துணிகளுக்காம். தகட்டுக் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் பெட்டியை மூடவில்லை.

"அது சரிப்பா. பேச்சு வர்றது நல்லதுதான். ஆனா வண்டி நிக்கறது நிக்கறதுதானே? நடுரோட்டுல, பனியில, அம்மாவை வெச்சுக்கிட்டு. திங்கக்கிழமை நானும் கூட வர்றேன். நின்னுச்சுன்னா, அன்னிக்கே கிளம்பறோம். சரியா?"

பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவரப் போனேன்.


டிசம்பர் 9, திங்கள்

விடியும்போதே மூடுபனி. எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. இன்றைக்கென்று இப்படியா?

பேட்டரியை மாட்டினேன். ஒரு மிதி. "மூடு," என்றாள். மூடினேன், அதாவது இழுத்தேன். கிளம்பியது. "திற." திறந்தேன். பின்னிருக்கையிலிருந்து மகள், "ரெண்டு பேரும் என்ன பாஷை பேசறீங்க?" என்றாள்.

மேட்டில் பாதி ஏறியதும் அதே இழுப்பு, அதே குலுக்கல். நின்றது. ஓரம் கட்டினேன். எல்லாப் பக்கமும் வெள்ளை. மகள் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வெயில்," என்றாள் அவள்.

"அம்மா..." மகள் முன்னிருக்கைப் பக்கம் குனிந்தாள். "வெளிய பாரும்மா. பனிம்மா."

"இரு," என்றேன் மகளிடம். இவள் பக்கம் முழுசாகத் திரும்பினேன். அன்றைக்கு வாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. வானத்தைப் பார்த்தாள் என்று நினைத்தேனே, அவளுக்கு முன்னால் இருந்தது தூக்கி நிறுத்திய பானட் அல்லவா?

"எங்கம்மா வெயில்?"

அவள் என்னைப் பார்த்தாள். எத்தனை நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தாளோ! பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. மகள் பதறி இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் போய்ப் பானட்டைத் தட்டினாள். தூக்கினேன். ஏர் ஃபில்டர் மூடியின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

பிசுக்குக்கு அடியில், தகரத்திலேயே அச்சடித்த சின்னச் சூரியன். அதற்கு நேரே, மூடி உட்காரும் அடித்தட்டில் ஒரு அம்புக்குறி. மூடியின் மறுபக்கத்தையும் தேய்த்தாள். ஒரு பனிப்பூ.

"வெயில்," என்றாள், சூரியனைத் தொட்டு. பிறகு பனிப்பூவைத் தொட்டாள். சொல் வரவில்லை. வாயைக் கோணினாள், தலையை ஆட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"குளிர்," என்றாள்.

சைகையும் ஒற்றைச் சொல்லுமாகக் காட்டினாள்: வருஷா வருஷம் அக்டோபரில் அவள்தான் திருப்பி வைப்பாளாம். மூடி கோடைப் பக்கம் இருந்தால் கார்புரேட்டர் முன்னாலிருந்து வெளிக்காற்றை அப்படியே உறிஞ்சும். குளிர்ப் பக்கம் வைத்தால், புகைக்குழாய் அருகிலிருக்கும் சூடான காற்றை உறிஞ்சும். இந்த அக்டோபரில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கிளிப்புகளை நெம்பினேன். அவள் இடது கை மூடியில், என் கை அதன்மேல். திருப்பினோம். பனிப்பூ அம்புக்கு நேரே வந்தது. அவளே கிளிப்பை அழுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வலது கையையும் கொண்டு வந்து சேர்த்து அழுத்தினாள். டக்கென்று விழுந்தது.

வண்டிக்குள் உட்கார்ந்து சற்று நேரம் பொறுத்தோம். கிளம்பியது. மேட்டின் உச்சி, இறக்கம், பாலம், அடுத்த ஊர். மூடுபனி விடவே இல்லை. கிழவன் நிற்கவே இல்லை.

டீச்சர் வாசலில் இறங்கும்போது மகள் என் காதருகே, "அப்பா, அம்மா ஒரு மாசமா ரிப்பேர் என்னன்னு சொல்லிட்டே இருந்திருக்காங்க," என்றாள்.

தெரியும் என்றேன்.


டிசம்பர் 10

மெக்கானிக்குக்குப் போனில் சொன்னேன். "அட! ஈரக்காத்து, கார்புரேட்டர் கழுத்துல பனிக்கட்டி கட்டிக்கும் சார். வண்டி நின்னா இன்ஜின் சூட்டுல உருகிடும். அதான் என்கிட்ட வரும்போது ஒண்ணும் இருக்காது. காய்ஞ்ச குளிருக்கு இந்தத் தொந்தரவு கிடையாது." பிறகு, "போன மாசம் அந்த மூடிக்குப் பக்கத்துலதான் சார் நின்னேன். திட்டுவாங்கன்னு பயந்து பாக்கல. டாக்டரம்மாகிட்ட குடுங்க போன."

கொடுத்தேன். அவர் என்னவோ சொன்னார். அவள், "முதுகு?" என்று கேட்டாள். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற குரலில்.


டிசம்பர் 12, வியாழன்

மகளைப் பேருந்து ஏற்றிவிட்டோம். காலியாக வந்த பெட்டி காலியாகவே போனது. பக்கத்து இருக்கையிலிருந்து இவள் கையாட்டினாள். வலது கை.

"அம்மாவைப் பாத்துக்குங்கப்பா," என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, மகள் தன்னையே திருத்திக்கொண்டாள். "அம்மா சொல்றதைக் கேட்டுக்குங்க."


ஜனவரி 16

"பேட்டரி கொண்டா." இரண்டு சொல், சேர்ந்து வந்தது. சமையலறை மூலையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் அதன்மேல் போர்த்தியிருந்த துணி காலில் சிக்கி, நானும் பேட்டரியும் சுவரில் சாய்ந்து நின்றோம்.

"மெதுவா," என்றாள். அதுவும் கணக்கில் சேரும்.


பிப்ரவரி 20, வியாழன்

ஒரு பொய் சொன்னாள்! டீச்சர் "வீட்ல யாரு சமைக்கறாங்க?" என்று கேட்டதற்கு, என்னைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "நான்தான்," என்றாள். டீச்சர் பாராட்டி எழுதிக்கொண்டார். நான் மறுப்பு வெளியிடவில்லை.


மார்ச் 23, ஞாயிறு

சமையலறை ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவள், வெளியே பார்த்து, "வெயில்," என்றாள்.

சட்டென்று எழுந்தேன். கோட்டுகூடப் போடவில்லை. வாசலுக்குப் போய்ப் பானட்டைத் தூக்கி, கிளிப்புகளை நெம்பி, அம்புக்கு நேரே பனிப்பூ போய்ச் சூரியன் வரும்படி மூடியைத் திருப்பி, மாட்டி, பானட்டைச் சாத்தி, கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே வந்தேன்.

"திருப்பிட்டேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை.

"ஏங்க, வெயில் அடிக்குதுன்னுதான் சொன்னேன்," என்றாள். "வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். நல்ல வெயில்.